மாசிக்காய் மையில் ஆய்வேடு: வேதியியலா, வரலாறா, கலையா?

ஜூன் 4 (கேள்வி)

வேதியியலில் முதுகலை முடித்திருக்கிறேன். பழைய கையெழுத்துப் படிகளின் மையை வைத்து முனைவர் பட்டம் செய்ய ஆசை. வேதியியல் துறையில் ‘இதில் புது வேதியியல் என்ன இருக்கிறது?’ என்கிறார்கள். வரலாற்றுத் துறையில் ‘கருவி காட்டும் எண்ணை வைத்து நாங்கள் என்ன செய்வது?’ என்கிறார்கள். கவின்கலைத் துறையில் வரவேற்கிறார்கள், ஆனால் அங்கே ஆய்வகம் கிடையாது. என் எண்ணம் இது: 17, 18-ஆம் நூற்றாண்டு மைச் செய்முறைகளில் இருபதை எடுத்து, எழுதியிருக்கிறபடியே செய்து, எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிரால் தனிமங்களை அறிவது), ராமன் (லேசரால் சேர்மங்களை அறிவது), எஃப்டிஐஆர் (அகச்சிவப்பால் சேர்மங்களை அறிவது) மூன்றிலும் ஓட்டினால் ஆய்வேடு தேறிவிடும். சரிதானே?

ஜூன் 4, இரவு

தேறாது. இருபது மையை மூன்று கருவியில் ஓட்டினால் அறுபது நிறமாலை கையில் இருக்கும், கேள்வி ஒன்றுகூட இருக்காது. மாசிக்காய்ச் சாறும் (ஓக் மரத்தில் குளவியால் உண்டாகும் முடிச்சின் சாறு) அன்னபேதியும் (இரும்பு சல்பேட்டு) சேர்ந்தால் கறுக்கும், அதுதான் இரும்பு மை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல மூன்று ஆண்டு தேவையில்லை.

ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதிலிருந்து ஏட்டுச் சான்றை (செய்முறை, கணக்கு போன்ற எழுத்து ஆதாரத்தை) எடுத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து அசல் பொருளை, அடுத்து ஆய்வகத்தை. எதை எடுத்தாலும் கேள்வி சரிய வேண்டும். ஒன்றை எடுத்த பிறகும் நிற்கிறதென்றால் அந்தத் துறை உங்கள் ஆய்வேட்டில் வெறும் அலங்காரம். அந்தத் துறையிலிருந்து வரும் தேர்வாளர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

அப்படிச் சரியக்கூடிய கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் பி மைனர் மாஸ் என்ற வழிபாட்டு இசைப் படைப்பின் கைப்பிரதி பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. 1750-இல் அவர் இறந்தபின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் அதே தாள்களில் திருத்தியும் மேலெழுதியும் வைத்தார். எந்தச் சுரக்குறி தந்தையுடையது, எது மகனுடையது? எழுத்தமைதியை மட்டும் பார்த்துப் பல இடங்களில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இருவருடையதும் இரும்பு மைதான், ஆனால் ஒரே மை இல்லை. அன்னபேதியோடு ஒட்டிவரும் பிற உலோகங்கள் இரும்புக்கு எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று எக்ஸ்ஆர்எஃப்பில் அளந்து பிரித்தார்கள். முடிவு 2009-இல் வெளிவந்தது. இசையியலாளர் ஐயமுள்ள இடத்தைக் காட்டாவிட்டால் அளப்பவருக்கு எங்கே அளப்பதென்றே தெரியாது. அளப்பவர் இல்லாவிட்டால் இசையியலாளரின் ஐயம் ஐயமாகவே நின்றிருக்கும். அவர்கள் பயன்படுத்தியது புதிய வேதியியல் அல்ல, பழகிய முறைதான். கேள்விதான் புதிது.

ஜூன் 5

இருபது செய்முறை என்பதை விட்டுவிடுங்கள், மூன்று போதும். மூன்றுக்கும் இடையே ஒரே ஒரு செயல் மட்டும் மாற வேண்டும்: குளிர்ந்த நீரில் ஊறவைப்பது, கொதிக்கவைப்பது, புளிக்கவிடுவது. இருபதை எடுத்தால் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு விஷயம் ஒருசேர மாறும். நிற வேறுபாட்டுக்கு எது காரணம் என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது.

ஜூன் 7

கேட்டவர் அனுப்பிய செய்முறை: மாசிக்காய் 3 அவுன்ஸ், அன்னபேதி 2 அவுன்ஸ், வேலம்பிசின் 1 அவுன்ஸ், மழைநீர் ஒரு பைன்ட். ‘எந்த அவுன்ஸ் என்று தெரியவில்லை, இங்கேயே நின்றுவிட்டேன்’ என்கிறார்.

நிற்க வேண்டாம். மூன்றும் ஒரே எடையலகில் இருக்கும்வரை 3:2:1 விகிதம் மாறாது. 28.35 கிராம் அவுன்ஸ் ஆனாலும் 31.1 கிராம் ட்ராய் அவுன்ஸ் ஆனாலும் ஒன்றுதான். சிக்கல் நீரில் இருக்கிறது, ஏனென்றால் அது கன அளவில் சொல்லப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1824 சட்டத்துக்குப் பிந்தைய பைன்ட் 568 மில்லி. அதற்கு முந்தைய ஒயின் பைன்ட் 473 மில்லி. செறிவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு வருகிறது. இரண்டு அளவிலும் செய்து, முடிவு மாறுகிறதா என்று காட்டிவிடுங்கள். மாறவில்லையென்றால் பைன்ட் விவாதத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம்.

இப்போது கணக்கு. அன்னபேதிக்கும் டானினுக்கும் (மாசிக்காயின் துவர்ப்புப் பொருள்) சமநிலையான மோல் விகிதம், அதாவது மூலக்கூறு எண்ணிக்கை விகிதம், ஏறத்தாழ 3.6:1 என்று தாள் பாதுகாப்பு ஆய்வாளர் ஹான் நேவல் 1995-இல் வெளியிட்டார். மாசிக்காயின் டானினான டானிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 1701, ஏழு நீர் கொண்ட அன்னபேதிக்கு 278. எடையில் சொன்னால் 1 கிராம் டானிக் அமிலத்துக்கு 0.59 கிராம் அன்னபேதி. நல்ல மாசிக்காயில் டானின் 50 முதல் 70 விழுக்காடு. 60 என்று கொண்டால் 30 கிராம் காயிலிருந்து அதிகபட்சம் 18 கிராம் டானின் வரும், அதற்கு வேண்டிய அன்னபேதி 10.6 கிராம். செய்முறை போடச் சொல்வது 20 கிராம். அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு எதோடும் சேராமல் மிஞ்சுகிறது. ஊறலில் டானின் முழுதாக இறங்காது என்பதால் உண்மையில் மிச்சம் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

தாளை அரிப்பது அந்த மிச்ச இரும்புதான். கூடவே, வினையில் வெளிப்படும் கந்தக அமிலம் தாளின் நாரான செல்லுலோசை நீராற்பகுக்கிறது (நீர் சேர்த்து உடைக்கிறது). சேராத இரண்டாம் நிலை இரும்பு (Fe²⁺) ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகிறது. எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிவிட்ட பழைய தாள்களுக்குக் காரணம் இந்த இரண்டும். ஆக, ‘3:2:1’ என்ற ஒரு வரி வரலாற்றுச் செய்தி, ஒரு வேதிக்கணக்கு, ஒரு பொருளின் அழிவு மூன்றையும் ஒன்றாகக் கட்டுகிறது. உங்கள் கேள்வி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூன் 7, பிற்பகல்

மேலே சொன்ன 0.59-ஐ விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வழிகாட்டிதான். கடையில் வரும் டானிக் அமிலம் ஒற்றைச் சேர்மம் அல்ல. காலாயில் அலகுகள் (காலிக் அமிலத் துண்டுகள்) கூடியும் குறைந்தும் உள்ள கலவை. 1701 என்ற எடை அதன் ஒரு மாதிரி உருவுக்கு மட்டும் பொருந்தும்.

அன்னபேதிப் புட்டியையும் பாருங்கள். படிகம் பச்சையாகத் தெளிந்து இருக்க வேண்டும். வெளுத்துப் பொடிந்திருந்தால் நீர் போயிருக்கிறது. ஏழு நீர் நான்காகக் குறைந்தால் மூலக்கூறு எடை 278-இலிருந்து 224-க்கு இறங்கும். அதே 20 கிராமில் இரும்பு 24 விழுக்காடு கூடிவிடும். பழுப்பு படிந்திருந்தால் ஒரு பகுதி மூன்றாம் நிலை இரும்பாகிவிட்டது (Fe³⁺), அதைப் பயன்படுத்தவே கூடாது. ஒவ்வொரு தொகுதி அன்னபேதிக்கும் பர்மாங்கனேட் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) செய்து இரண்டாம் நிலை இரும்பின் அளவைக் குறித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

ஜூன் 10

செய்யும் முறை. ஓட்டை விழாத, கனமான, கருநீலமோ கரும்பச்சையோ கலந்த காயாகப் பொறுக்குங்கள். ஓட்டை விழுந்து வெளுத்த காயில் குளவி வெளியேறியிருக்கும், டானினும் குறைவு. 2 அல்லது 3 மில்லிமீட்டர் நொய்யாக உடைத்தால் போதும். மாவாக அரைத்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். 30 கிராம் நொய்க்கு 300 மில்லி காய்ச்சி வடித்த நீர், மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் 24 மணி நேரம். முதலில் துணியில் வடித்து, பிறகு வடிதாளில். பிசினைத் தனியே முந்தின இரவே நீரில் போட்டுவிடுங்கள், அவசரமாகக் கரைத்தால் கட்டி தட்டும். அன்னபேதியைத் தனியாகக் கரைத்து, சாற்றோடு சேர்த்து, பிசின் நீரைக் கடைசியில் ஊற்றுங்கள்.

புதிதாகச் சேர்த்த மை வெளிறித்தான் இருக்கும். கலவை கெட்டுவிட்டது என்று கூடுதல் அன்னபேதி போடுகிற தவறு இங்கேதான் நடக்கிறது. முதலில் உருவாவது கரையும் தன்மையுள்ள, நிறம் குறைந்த இரண்டாம் நிலை இரும்புச் சேர்மம். எழுதியபின் காற்றுப்பட்டு மூன்றாம் நிலைக்கு மாறும்போதுதான் கறுத்து, கரையாமல் தாளில் பிடிக்கும். புட்டியைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். மேலே காற்று நின்றால் அந்தக் கறுப்பு புட்டிக்குள்ளேயே வண்டலாக இறங்கிவிடும். பிஎச் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துக் குறியுங்கள்.

இரும்புச் சட்டி, செம்புச் சட்டி இரண்டும் வேண்டாம். பழைய செய்முறையே இரும்புச் சட்டி சொன்னால் அதை ஒரு தனி மாறியாக எடுத்து, கண்ணாடியில் செய்ததோடு ஒப்பிடுங்கள். சட்டியிலிருந்து இறங்கும் இரும்பு கணக்கில் வராமல் போனால் ஜூன் 7 கணக்கு முழுவதும் பயனற்றுப்போகும்.

ஜூன் 11

ஊறலில் எவ்வளவு டானின் இறங்கியது என்று ஃபோலின்-சியோகால்டியூ முறையில் அளக்கப் போவதாகக் கேட்டவர் சொல்கிறார். அது மொத்த ஃபீனாலைத்தான் சொல்லும். காலிக் அமிலமும் அதில் சேர்ந்து எண்ணப்படும். ஊறவைத்த சாற்றுக்கு இது பெரிய குறை இல்லை. புளித்த சாற்றுக்குப் பெரிய குறை. பூஞ்சைகள், குறிப்பாக ஆஸ்பர்ஜில்லஸ் நைகர், டானேஸ் நொதியால் டானினை உடைத்துக் காலிக் அமிலமாக்குகின்றன. மொத்த ஃபீனால் அப்படியே இருப்பதுபோல் எண் காட்டும், உள்ளேயோ பொருளே மாறியிருக்கும். கலவையின் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கட்டாயம் வேண்டும்.

பழைய செய்முறைகள் பல ‘பூஞ்சை படியும்வரை வை’ என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. காலிக் அமிலம் கூடிய சாறு இன்னும் கறுத்த மை தருகிறது. அவர்கள் கண்ணால் கண்டு எழுதிவைத்ததை எச்பிஎல்சியில் ஒரு முகடாகப் பார்க்கலாம். ஆய்வேட்டில் ஓர் இயலை இதற்கே கொடுக்கலாம்.

ஜூன் 15

சோதனையைத் திரும்பச் செய்வது பற்றி. ஒரே புட்டி மையை ஐம்பது தாள்துண்டில் தடவினால் மாதிரி எண்ணிக்கை ஐம்பது அல்ல, ஒன்று. அந்த ஐம்பதும் சொல்வது தடவலின் சிதறலை. மையின் சிதறலை அறிய, மாசிக்காயை உடைப்பதிலிருந்து தனித்தனியாகத் தொடங்கிய தொகுதிகள் வேண்டும். ஒரு செய்முறைக்குக் குறைந்தது மூன்று தனித் தொகுதி, ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து துண்டு, புள்ளியியலில் தொகுதி ஓர் அடுக்கு, துண்டு அதற்குள் ஓர் அடுக்கு. ஐம்பது என்று எண்ணிக் கிடைத்த சின்ன பி மதிப்பை (வேறுபாடு தற்செயல் அல்ல என்று காட்டும் எண்ணை) எந்த வேதியியல் தேர்வாளரும் ஏற்கமாட்டார்.

ஜூன் 16

தாள். வாட்மன் 1 வடிதாள் தூய பருத்திச் செல்லுலோஸ் என்பதால் எல்லோரும் எடுக்கிறார்கள். அதில் பசைப்பூச்சு கிடையாது, மை பரவி ஆழமாக இறங்கும். பழைய எழுதுதாள் கந்தல் நார், ஜெலட்டின் பூச்சு, சிலவற்றில் சுண்ணச் சேர்மம் வேறு. சுண்ணம் அமிலத்தை ஓரளவு தின்றுவிடும், ஜெலட்டின் மையை மேலேயே நிறுத்தும். வடிதாளில் கிடைத்த அரிப்பு வேகத்தைப் பழைய கையெழுத்துப் படிமீது ஏற்றிச் சொல்ல முடியாது. இரண்டையும் எடுங்கள்: வேதிவினை ஒப்பீட்டுக்கு வடிதாள், பொருளோடு ஒப்பிட ஜெலட்டின் பூசிய கந்தல் தாள்.

இறகுப் பேனாவால் எழுதினால் மையின் அளவு கோட்டுக்குக் கோடு மாறும். அளவு அறிய வேண்டிய துண்டுகளில் நுண்குழாயால் விடுங்கள், விடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். இறகுப் பேனாத் துண்டுகள் தனியாக ஒரு வரிசை இருக்கட்டும். எழுதுகோல் அழுத்தத்தில் மை எங்கே தேங்குகிறது, எங்கே மெலிகிறது என்று பார்க்க அவைதான் வேண்டும். கலைத் துறை நெறியாளர் கேட்கப்போவதும் அவற்றைத்தான்.

ஜூன் 22

முதுமையாக்கல், அதாவது துண்டுகளைச் சூட்டிலும் ஈரத்திலும் வைத்து விரைவாகப் பழையதாக்குவது. ஐஎஸ்ஓ 5630-3 தரநெறி சொல்வது 80 பாகை செல்சியஸ், 65 விழுக்காடு ஈரப்பதம். மை பூசாத துண்டையும் மை பூசிய துண்டையும் ஒரே அறையில் அருகருகே தொங்கவிடாதீர்கள். மைத்துண்டிலிருந்து ஆவியாகும் சேர்மங்கள் வெற்றுத் துண்டையும் தாக்கும். ஒப்பீட்டுக்கு வைத்த துண்டே கெட்டுப்போனால் மையின் தீங்கு குறைவாகத் தெரியும். தனித்தனிக் கலங்கள் வேண்டும்.

‘எட்டு நாள் என்றால் எத்தனை ஆண்டுக்குச் சமம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு சமன்பாட்டை ஆய்வேட்டில் எழுதாதீர்கள். வெப்பநிலை ஏறும்போது எல்லா வினையும் ஒரே மடங்கில் வேகம் கூடுவதில்லை. இயற்கையில் ஈரம் ஏறி இறங்குகிறது, அறையில் நிலையாக நிற்கிறது. ‘இந்த நிலையில் அ மை ஆ மையைவிட வேகமாகத் தாளைச் சிதைத்தது’ என்பதுவரை சொல்லலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் சான்று இல்லை.

ஜூன் 23

முந்தைய குறிப்போடு சேர்த்துப் படியுங்கள்: அளப்பது எதை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நிறமாற்றம் சிஐஇ 2000 என்ற நிற வேறுபாட்டுக் கணக்கில், தாளின் வலிமை இழுவிசையில், செல்லுலோஸ் சங்கிலி நீளம் ஐஎஸ்ஓ 5351 பாகுநிலையில். மூன்றும் வேறு வேறு கதை சொல்லும். நிறம் மாறாமலே தாள் முறியும் நிலைக்கு வந்திருக்கலாம்.

ஜூன் 30

அசல் படிகளில் எக்ஸ்ஆர்எஃப். மேல் எழுத்தை மட்டும் அளக்கிறோம் என்று நினைப்போம், கதிர் தாளைத் தாண்டிப் பின்பக்க எழுத்தையும் அளந்துகொண்டு வரும். பின்னால் எழுத்து இல்லாத இடமாகப் பாருங்கள். அருகிலுள்ள வெற்றுத் தாளில் ஓர் அளவு எடுத்துக் கழியுங்கள், தாளிலேயே இரும்பு இருக்கும். ஒரே கோட்டில் ஒரு புள்ளி போதாது, ஐந்து புள்ளியாவது வேண்டும். இரும்பின் தனி எண்ணிக்கையை ஒப்பிடுவதில் பயனில்லை, மை தடிமன் மாறினால் அதுவும் மாறும். செம்பு/இரும்பு, துத்தநாகம்/இரும்பு, மாங்கனீசு/இரும்பு என்ற விகிதங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விகிதம் வேறுபட்டால் மை வேறு என்று சொல்லலாம். விகிதம் ஒத்திருந்தால் மை ஒன்றே என்று சொல்ல முடியாது. ஒரே சுரங்கத்து அன்னபேதியை நூறு பேர் வாங்கியிருப்பார்கள்.

ஜூலை 1

எக்ஸ்ஆர்எஃப் நிறமாலையில் முகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடங்களை மனப்பாடமாக வைத்திருங்கள். கே, எல், எம் என்பவை ஒரு தனிமம் வெளிவிடும் கதிர்வரிசைகளின் பெயர்கள். ஆர்செனிக் கே-ஆல்ஃபா 10.54, ஈயத்தின் எல்-ஆல்ஃபா 10.55 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஈய வெண்மை உள்ள ஓவியத்தில் அரிதாரம் (ஆர்செனிக் உள்ள மஞ்சள் நிறமி) இருக்கிறது என்று மென்பொருள் சொன்னால் நம்பாதீர்கள், 11.73-இல் ஆர்செனிக் கே-பீட்டா தனியே நிற்கிறதா பாருங்கள். டைட்டேனியம் 4.51, பேரியம் எல்-ஆல்ஃபா 4.47. கந்தகம் 2.31, ஈயத்தின் எம் வரிசை 2.34. கோபால்ட் 6.93-க்குப் பக்கத்தில் இரும்பின் கே-பீட்டா 7.06. பழைய நிறமி ஆய்வில் பிழையான முடிவு வர வாய்ப்புள்ள இடங்கள் பெரும்பாலும் இந்த நான்கு சோடிகள்தான்.

ராமனில் லேசர் ஆற்றலை மாதிரியின்மேல் 1 மில்லிவாட்டுக்குக் கீழே தொடங்குங்கள். ஈய நிறமிகள் சூட்டில் வேறு சேர்மமாக மாறும். மனோசிலை (ஆர்செனிக் உள்ள சிவப்பு நிறமி) பச்சை லேசரில் பாராமனோசிலை என்ற மஞ்சள் சேர்மமாக மாறிவிடும். அப்புறம் ‘ஓவியம் பழுதுபட்டிருக்கிறது’ என்று எழுதிவிடுவீர்கள், பழுதாக்கியது உங்கள் லேசர்.

ஜூலை 3

‘மாதிரி எடுக்க எத்தனை இடம் போதும்’ என்ற கேள்விக்கு வின்லண்ட் வரைபடத்தைவிட நல்ல பாடம் இல்லை. கொலம்பஸுக்கு முன்பே வட அமெரிக்கக் கரையைக் காட்டும் 15-ஆம் நூற்றாண்டு வரைபடம் என்று 1965-இல் யேல் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. 1970-களில் நுண்ணோக்கி ஆய்வாளர் வால்டர் மக்ரோன் மையில் அனடேஸ் வடிவ டைட்டேனியம் டை ஆக்சைடைக் கண்டார். அந்த வெண்ணிறமி வணிகத்துக்கு வந்தது 1920-களை ஒட்டித்தான். 1980-களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் குழு புரோட்டான் கற்றையால் அளந்து, டைட்டேனியம் மிகச் சிறிய அளவே என்றது. 2002-இல் வெளியான கார்பன் அளவீடு, வரைபடம் வரைந்த தோலை 1434-ஐ ஒட்டி வைத்தது. தோல் உண்மையிலேயே பழையது.

யார் பொய் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. ஒருவர் மைத் துகளைப் பொறுக்கிப் பார்த்தார், மற்றவர் தோலும் மையும் சேர்ந்த பரப்பின் சராசரியைப் பார்த்தார். 2021-இல் யேல் வரைபடம் முழுவதையும் எக்ஸ்ஆர்எஃப்பில் வருடியபோது கோடுகள் நெடுக டைட்டேனியம் தெரிந்தது. அதனோடு கட்டப்பட்டிருந்த உண்மையான இடைக்காலப் பிரதியின் மை இரும்பு மையாக இருந்தது. பின்பக்கத்தில் பழைய லத்தீன் குறிப்பு ஒன்றின்மேல் நவீன மையால் மேலெழுதியிருந்ததையும் கண்டார்கள். மேலெழுதியதைப் படித்துப் பொருள் சொன்னது கருவி அல்ல, பழைய எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள். போலி என்ற முடிவு அந்த இரண்டு சான்றும் சேர்ந்தபின்தான் அசையாமல் நின்றது.

உங்களுக்கு இதிலிருந்து: தோலின் வயது, தாளின் நீர்க்குறி வயது, மையின் வயது, எழுதிய வயது நான்கும் தனித்தனி. ஓர் இயலில் நான்கையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

ஜூலை 9

கருவிக்கு நேரம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அகச்சிவப்பு வடிகட்டி நீக்கிய கேமரா ஒன்றும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றும் போதும். இரும்பு மை 700 நானோமீட்டர் தாண்டியதும் மங்கத் தொடங்கி, 1000-ஐ எட்டும்போது ஏறத்தாழ மறையும். கரி மை கறுப்பாகவே நிற்கும். சாதாரணக் கேமராவின் சிலிக்கான் உணரி 1000-ஐ ஒட்டியே குருடாகும், ஆனால் முதல் பிரிப்புக்கு அது போதும். புற ஊதாவில் இரும்பு மை ஒளியை விழுங்கி இருண்டு தெரியும், வெளிறிப்போன வரிகள் அதில் படிக்கக் கிடைக்கும். விளக்கைத் தாளின்மேல் தேவையான நொடிகளுக்கு மட்டும் போடுங்கள்.

ஜூலை 10

இருவகை மை கலந்த பக்கம் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். எழுத்து இரும்பு மை, அடித்தல் திருத்தல் கரி மை என்று பிரிந்தால் அங்கே ஒரு வரலாற்றுக் கேள்வி இருக்கிறது.

ஜூலை 14

வரலாற்றுப் பக்கம் இதுவரை போதிய அளவு பேசவில்லை. செய்முறைத் தொகுப்பின் ஆண்டு, அந்தச் செய்முறை வழக்கில் இருந்த ஆண்டு ஆகாது. செய்முறைகள் நூற்றாண்டுகள் தாண்டிப் படியெடுக்கப்பட்டன. படியெடுத்தவர் ஒருமுறைகூட மை காய்ச்சியிருக்க வேண்டிய அவசியமில்லை. கொள்முதல் கணக்கு, சுங்கப் பதிவு, இறந்தவர் கடையின் சரக்குப் பட்டியல் ஆகியவைதான் உண்மையில் என்ன வாங்கினார்கள் என்று சொல்லும். அலுவலகம் ஒன்று ஆண்டுக்கு எவ்வளவு மாசிக்காய், எவ்வளவு அன்னபேதி வாங்கியது என்று கணக்கேட்டில் கிடைத்தால் அந்த விகிதம் எந்தச் செய்முறையைவிடவும் வலுவானது.

செய்முறை எழுதுபவர் எல்லோருக்கும் தெரிந்ததை எழுதமாட்டார். ‘வேண்டிய அளவு’, ‘வழக்கம்போல்’ என்று விட்டுவிடுவார். அந்த இடங்களை உங்கள் ஊகத்தால் அமைதியாக நிரப்பக் கூடாது. ஒவ்வொரு இடைவெளியையும் எண்ணிட்டு, எதைக் கொண்டு நிரப்பினீர்கள், வேறு எதைக் கொண்டு நிரப்பியிருக்கலாம் என்று அட்டவணை போடுங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பமீலா ஸ்மித் தலைமையில் 2014-இல் தொடங்கி, 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கைவினைக் கையெழுத்துப் படி ஒன்றை ஆய்வகத்தில் செய்து பார்த்து 2020-இல் இணையப் பதிப்பாக்கினார்கள். எழுத்தில் விட்டுப்போனதைக் கைவேலை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

ஜூலை 20

எதிர்த்திசையும் உண்டு, பொருள் முதலில், ஏடு பின்னால். பழைய ஐரோப்பிய ஓவியங்களில் நிறைந்திருக்கும் ஈய-வெள்ளீய மஞ்சள் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வழக்கொழிந்து, இருந்தது என்பதே மறந்துபோயிற்று. 1941-இல் ரிச்சர்ட் யாக்கோபி ஓவியங்களின் மஞ்சளில் வெள்ளீயத்தைக் கண்டபோதுதான் அது திரும்பி வந்தது. அதன்பிறகு வரலாற்றாளர்கள் பழைய செய்முறைகளை வேறு கண்ணோடு படித்தார்கள். ஈய ஆக்சைடு மூன்று பங்கு, வெள்ளீய ஆக்சைடு ஒரு பங்கு, 650 முதல் 800 பாகைவரை சூளையில் வைத்தால் அதன் இரு வகைகளில் முதலாவது கிடைக்கும். வெப்பம் கூடக்கூட ஆரஞ்சுச் சாயல் குறைந்து எலுமிச்சை மஞ்சளை நோக்கி நகரும். மையிலிருந்து விலகிவிட்டேன், ஆனாலும் இரண்டாம் ஆண்டில் கேள்வி தேடும் யாருக்கும் இந்தத் திசை உதவும்.

ஆகஸ்ட் 2

எந்தத் துறையில் பதிவது? முதன்மைக் கருவி எங்கே இருக்கிறதோ அங்கே. கருவி நேரத்துக்கு வெளியாளாக வரிசையில் நிற்பதைவிட, ஆவணக் காப்பகத்துக்கு வெளியாளாகப் போவது எளிது. ஆனால் இணை நெறியாளரைப் பதிவின்போதே எழுத்தில் சேர்த்துவிடுங்கள், ‘ஆலோசனை தருவார்’ என்ற வாய்ச்சொல் மூன்றாம் ஆண்டில் உதவாது. தேர்வாளர்களில் ஒருவராவது மற்றத் துறையிலிருந்து வர விதி இடம் தருகிறதா என்று இப்போதே பாருங்கள்.

இயல்களைத் துறைவாரியாகப் பிரிக்காதீர்கள். ‘வரலாற்றுப் பின்னணி, வேதிப் பகுப்பாய்வு, கலை நோக்கு’ என்று மூன்று இயல் வைத்தால் மூன்று தேர்வாளரும் ஆளுக்கொன்றைப் படித்து, ஆளுக்கொரு குறை சொல்வார்கள். கேள்விவாரியாகப் பிரியுங்கள்: மிச்ச இரும்பு செய்முறையிலேயே இருந்ததா, தயாரிப்பில் வந்ததா? புளிக்கவிட்டது அழிவைக் கூட்டியதா குறைத்ததா? அசல் படிகளின் அரிப்பு நீங்கள் செய்த நகல் மைகளின் அரிப்போடு ஒத்துப்போகிறதா? ஒவ்வொரு இயலிலும் மூன்று சான்றும் வர வேண்டும்.

ஆகஸ்ட் 3

ஜூன் 4-இல் சொன்ன சோதனையை இந்த இயல்களுக்கும் வைத்துப் பாருங்கள். மூன்றாவது இயலில் அசல் படி கிடைக்காமல் போனால் இயலே விழும். ஆகவே அனுமதிக் கடிதத்தை முதல் அரையாண்டிலேயே தொடங்குங்கள். கடிதத்தில் எந்தத் தாள், எந்தப் பக்கம், தொடுதல் உண்டா இல்லையா, கருவியின் கதிர் அளவு, ஒரு புள்ளிக்கு எத்தனை நொடி, யார் அருகில் இருப்பார்கள் என்று எழுதுங்கள். ‘அறிவியல் ஆய்வுக்காக’ என்று மட்டும் எழுதினால் காப்பாளர் மறுப்பார், மறுப்பதே சரி.

சேராத இரும்பைக் காட்டும் பாத்தோஃபெனாந்த்ரோலின் சோதனைத் தாள்பட்டையும் இதே கடிதத்தில் வரட்டும். ஒரு துளி காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, மிகுநீரை ஒற்றி எடுத்து, அரை நிமிடம் எழுத்தின்மேல் அழுத்தி, காயவிட்டால் இளஞ்சிவப்பு வரும். சேராத இரண்டாம் நிலை இரும்பு இருக்கிறது என்று பொருள். நிறம் வராவிட்டால் அதே பட்டையில் ஒரு விழுக்காடு அஸ்கார்பிக் அமிலம் ஒரு துளி விட்டுப் பாருங்கள், மூன்றாம் நிலை இரும்பு மட்டும் இருந்தால் அப்போது சிவக்கும். நனைவு மிகுந்தால் இரும்பு தாளுக்குள் பரவும், அதனால் நகல் துண்டுகளில் கை பழகியபின்தான் அசலுக்குப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 14

கேட்டவர் எழுதியிருக்கிறார்: ‘மூன்று செய்முறை முடிவு செய்துவிட்டேன், இணை நெறியாளரும் சம்மதித்துவிட்டார். மிஞ்சும் நகல் துண்டுகளை என்ன செய்வது?’

எறியாதீர்கள். ஆய்வேடு முடிந்தபின் அடுத்தவருக்குப் பயன்படப்போவது அவைதான். முதுமையாக்காத துண்டு, ஆக்கிய துண்டு இரண்டிலும் பாதியை அமிலமற்ற உறையில், துண்டுக்கு ஓர் உறையாக வையுங்கள். மேலே பென்சிலால் செய்முறை எண், தொகுதி எண், அன்னபேதியின் தரம்பார்த்த அளவு, தாள் வகை, தடவிய நாள், மையின் எடை. உறைகளை இருட்டில், ஈரப்பதம் நிலையாக உள்ள பெட்டியில் வைத்து, வெற்றுத்தாள் துண்டுகளை வேறு பெட்டியில் வையுங்கள், ஜூன் 22 காரணத்தால். நிறமாலைகளை மென்பொருளின் சொந்த வடிவத்தோடு சாதாரண எழுத்துக் கோப்பாகவும் சேமியுங்கள். துண்டின் எண்ணும் கோப்பின் பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும்.